மர முண்டைப் பாதுகாப்பாக அறுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேம்பிலும் புளியிலும் கவிழ்த்த பானை மாதிரி ஒரு முண்டு புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கடைசல் செய்பவர்கள் பர்ல் என்று சொல்லித் தேடி வாங்குவது இதைத்தான். இதைக் கிண்ணமாகக் கடைந்தால் எவ்வளவு அழகாக வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அதை மரத்திலிருந்து பிரித்து, லேத்தில் மாட்டும் அளவுக்குக் கொண்டுவரும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேர்தான் பேசுகிறார்கள், ஆபத்து நிறைந்து கிடப்பதோ அந்த வேலையில். புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலிலும் ஒரே விஷயம் வந்துகொண்டே இருக்கும்: முண்டு ஆடாமல் அசையாமல் உட்காரும் வரை எந்த ரம்பத்தின் பல்லும் அதைத் தொடக்கூடாது.

சாதாரணக் கட்டையை அறுப்பதற்கும் முண்டை அறுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

கிளையாக வெளியே வரவேண்டிய மொட்டுகள் வராமல் பட்டைக்கு அடியிலேயே கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. மரம் வருடா வருடம் அவற்றைச் சுற்றி வளர்ந்துகொண்டே போகிறது. காயம், பூஞ்சை, பூச்சி என்று இதற்குப் பல தூண்டுதல்கள் உண்டு. அதனால் உள்ளே ரேகை, அதாவது மர இழை ஓடும் வரி, ஒரு திசையில் ஓடாமல் சுழன்று, மடங்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். கடைந்த கிண்ணத்தில் தெரிகிற அந்தக் கண் கண்ணான புள்ளிகள் இந்த மொட்டுகள்தான்.

வெட்டுகிறவருக்கு இதனால் வரும் தொல்லைகளைப் பாருங்கள். கோடாலி போட்டால் நேராகப் பிளக்காது, எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. உள்ளே பொந்து இருக்கலாம், மடிந்துபோன பட்டை இருக்கலாம், வேர்ப்பக்கத்து முண்டாக இருந்தால் மண்ணும் கல்லும்கூட உள்ளே வளர்ந்திருக்கும். வெளியில் தட்டையான இடம் ஒன்றுகூட இருக்காது, எங்கே வைத்தாலும் உருளும். கனமும் சாதாரணமானது இல்லை. 60 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோள முண்டு பச்சையாக இருந்தால் 50 கிலோவைத் தாண்டும், அது காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து வேப்பமரம் நன்றாக இருக்கிறது, அதில் உள்ள முண்டை மட்டும் வெட்டி எடுக்கலாமா?

வேண்டாம். முண்டு பெரும்பாலும் மரத்துக்குக் கெடுதல் செய்வதில்லை, மரம் அதோடு பல பத்தாண்டுகள் நன்றாகவே வாழும். அதை வெட்டினால் பெரிய திறந்த காயம் உண்டாகிறது. பட்டைக்கு அடியில் உணவும் நீரும் போகும் பாதை அந்த அகலத்துக்கு அறுபட்டுப் போகிறது, அந்தக் காயம் வழியாகப் பூஞ்சை நுழைந்து உள்மரத்தை அழுகவைக்கிறது. முண்டு தண்டைச் சுற்றி வளர்ந்திருந்தால் மரமே பட்டுப்போகலாம். வீட்டுப் பக்கத்தில் நிற்கும் மரம் அடுத்த காற்றில் முறிந்து விழவும் இதுவே காரணமாகிவிடும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் நடந்தது இதற்கு வருத்தமான உதாரணம். பிரம்மாண்டமான பழைய மரங்களின் அடியில் இருக்கும் முண்டுகளை இரவில் செயின்சா கொண்டுவந்து திருட்டுத்தனமாக அறுத்துக்கொண்டு போனார்கள். தாங்க முடியாமல் 2014-இல் பூங்கா நிர்வாகம் நியூட்டன் ட்ரூரி சாலையை இரவு நேரத்தில் மூடிவிட்டது. ரெட்வுட் மரம் தீயிலோ வெட்டிலோ சேதமானால் மறுபடி துளிர்ப்பது அந்த முண்டிலிருந்துதான், ஆகவே முண்டை எடுப்பது அந்த மரத்தின் மறுபிறப்பையே எடுத்துவிடுவது மாதிரி. பட்டுப்போன மரம், புயலில் சாய்ந்த மரம், வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வெட்டிப் போட்ட மரம் ஆகியவை போதும், விறகுக் கடையில் யாரும் சீண்டாமல் கிடக்கும் முண்டுகளே நமக்கு ஏராளம்.

விழுந்த மரம்தானே, யாரையும் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். சாலையோர மரம் விழுந்து கிடந்தாலும் அது நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தம். ஏரிக்கரை, கோயில் நிலம், புறம்போக்கு எதுவானாலும் இப்படித்தான். சந்தனம், ஈட்டி போன்ற மரங்களை நம் சொந்தப் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறையிடம் கேட்காமல் தொடாதீர்கள். காட்டுக்குள் கிடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சொந்தக்காரரிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது, வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

புயலில் சாய்ந்த மரத்திலிருந்து எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவையும் தாக்கிய பிறகு தெருவெல்லாம் மரம் கிடந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஆசையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக்கூடாது. முதலில் மின்கம்பி எங்காவது மரத்தில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தால் மின்வாரியத்தார் வந்து துண்டித்துவிட்டோம் என்று சொல்லும் வரை பக்கத்திலேயே போகாதீர்கள்.

அடுத்தது வேர்த்தட்டு. வேரோடு சாய்ந்த மரத்தில் ஒரு சுவர் மாதிரி மண்ணும் வேரும் நிமிர்ந்து நிற்கும், அதை அப்படி நிமிர்த்திப் பிடித்திருப்பது அடிமரத்தின் எடைதான். நீங்கள் அடிமரத்தை அறுத்த அந்த நொடியில் எடை போய்விடுகிறது, வேர்த்தட்டு பழைய குழிக்குள் படாரென்று திரும்பி விழும், சில சமயம் எதிர்ப்பக்கமும் சாயும். அடியில் இருக்கும் முண்டுக்கு ஆசைப்பட்டு அந்தக் குழிக்குள் இறங்கி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இந்த முதல் வெட்டை அனுபவமுள்ள மரம் வெட்டுபவரிடம் விட்டுவிடுங்கள். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளைகளும் இதே போலத்தான், வில்லாக இழுபட்டிருக்கும் பக்கத்தை அறுத்தால் விசையோடு எகிறும்.

பொந்து இருந்தால் ஒரு கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு, தேள், கடந்தைக் கூடு எல்லாம் பொந்துக்குள் குடியிருப்பவைதான்.

முண்டை மட்டும் சீவி எடுத்துவிடலாமா, இல்லை மரத்தோடு சேர்த்து எடுக்க வேண்டுமா?

மரத்தோடு சேர்த்துத்தான். முண்டுக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் விட்டு அடிமரத்தைக் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டி, முழுத் துண்டாக எடுத்து வாருங்கள். இதில் இரண்டு லாபம். ஒன்று, அந்த இரண்டு வெட்டு முகங்களும் தட்டையானவை, அப்புறம் துண்டை நிறுத்தி வைக்க அவைதான் உதவும். இரண்டு, வெயிலில் வெடிப்பு விட்டாலும் அது அந்த ஓரத்து மரத்தோடு போகும், முண்டுக்குள் உடனே புகாது. இடமும் வண்டியும் இல்லாமல் அங்கேயே சீவி எடுப்பவர்கள் உண்டு. மேடு பள்ளமான தரையில், உருளும் மரத்தில், அவசரத்தில் செய்யும் வேலை அது.

என்ன பாதுகாப்புச் சாமான்கள் கட்டாயம் வேண்டும்?

செயின்சாவுக்கு: முகமூடிக் கம்பிவலையோடு வரும் ஹெல்மெட், காதடைப்பான், கணுக்காலை மூடும் ஷூ, முக்கியமாகச் செயின்சாவுக்கென்றே தைத்த கால்சட்டை அல்லது தொடைக்கவசம். அதன் உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும், செயின் பட்டால் அவை உருவி வந்து பற்சக்கரத்தில் சுற்றி செயினை நிறுத்திவிடும். இதன் முதல் வகுப்பு, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினுக்குச் சோதிக்கப்பட்டது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கரண்டில் ஓடும் செயின்சாவின் மோட்டார் விசையைக் குறைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பெட்ரோல் மிஷினை நிறுத்துகிற அளவுக்கு அதை இந்த இழைகள் நிறுத்தாமல் போகலாம். சின்ன மிஷின்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. நம் ஊரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்போடு செயின்சா பிடிக்கும் அண்ணன்கள் நிறைய. திறமைசாலிகள்தான், ஆனால் ஓடும் செயினுக்கு யார் திறமைசாலி என்று தெரியாது. கையுறை செயின்சாவுக்குச் சரி. பேண்ட்சாவிலும் (வளையமான பட்டை பிளேடு ஓடும் ரம்பம்) லேத்திலும் கையுறை போடவே கூடாது, நூல் ஒன்று மாட்டினால் கையையே இழுத்துவிடும்.

கிக்பேக் என்கிறார்களே, அது எப்படி வருகிறது?

செயின் ஓடும் பாரின் மூக்கில், மேல் பாதி ஏதாவது ஒன்றில் இடித்தால் செயின் அந்த இடத்தில் கவ்வி நின்றுவிடப் பார்க்கும், விசை முழுவதும் பாரை மேலே தூக்கி உங்கள் முகத்தை நோக்கி எறியும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது, கையை இறுக்கித் தடுத்துவிடலாம் என்ற எண்ணமே தப்பு. முண்டில் இது அதிகம் நடக்கக் காரணம், மூக்கு எங்கே இருக்கிறது என்பது மேடு பள்ளத்தில் தெரியாமல் போவதும், உள்ளே ஒரு பொந்துக்குள் மூக்கு நுழைந்து எதிர்ச்சுவரில் போய் இடிப்பதும்தான்.

ஆகவே முண்டின் தடிமனைவிட பார் இரண்டு மூன்று அங்குலம் நீளமாக இருக்கட்டும், மூக்கு எப்போதும் மறுபக்கம் வெளியே, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எதையும் தொடாமல் இருக்க வேண்டும். முன்கைப்பிடியை இடது கைக் கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருக்கட்டும். பார் ஓடும் நேர்க்கோட்டில் தலையையோ தோளையோ கொண்டுபோகாதீர்கள், கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்க வேண்டாம். மிஷினோடு இரண்டு அடி நடந்தாலும் செயின் பிரேக்கைப் போடுங்கள், பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் பாருங்கள். பெட்ரோல் மிஷினாக இருந்தால் சூடு ஆறிய பிறகு எரிபொருள் ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆணி இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊர் மரமென்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை, முள்கம்பி வேலி, துணிக்கொடி, மாட்டைக் கட்டிய வளையம், பேயோட்டும்போது முடியை வைத்துப் புளியமரத்தில் அறைந்த ஆணி என்று எத்தனையோ வகை. மரம் வளர வளர இவை உள்ளே புதைந்துபோகும், வெளியில் ஒன்றும் தெரியாது.

முதலில் பட்டையைத் தண்ணீர் பீய்ச்சி, கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பட்டையில் இருக்கும் மண்தான் செயினை மழுக்குவதில் முதலிடம், மழுங்கிய செயினோடு அழுத்தி அறுக்கும்போது கை வழுக்கும். அப்புறம் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புது முகத்தில் மறுபடி ஓட்டுங்கள், ஏனென்றால் அது ஆழத்தில் உள்ளதைக் காட்டாது. வெட்டு முகத்தில் கருநீலக் கறை கோடு கோடாகத் தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. அங்கே நிறுத்தி உளியால் தோண்டிப் பாருங்கள்.

சரி, துண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. எப்படி நிறுத்தி வைத்து அறுப்பது?

பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இது. நேரத்தில் பாதி இதற்கே போகட்டும், தப்பில்லை.

துண்டின் உயரம் அதன் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால், குறுக்கே அறுத்த தட்டை முகம் கீழே வரும்படி நிறுத்துங்கள். அடியில் தரை நேரடியாக வேண்டாம், பழைய பலகை அல்லது தடித்த கட்டை போடுங்கள், செயின் மறுபக்கம் வரும்போது சிமென்டிலோ மண்ணிலோ படாது. அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் ஆடினாலும் ஆப்பு வைத்து அடியுங்கள். இப்போது முண்டு ஒரு பக்கம் புடைத்து நிற்கும், அடிமரத்தின் பழைய பட்டைக்கோடு எங்கே போயிருக்கும் என்று பார்த்து சாக்பீஸால் மேலிருந்து கீழே ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோட்டில் நேர் கீழாக அறுத்தால் முண்டு தட்டையான முதுகோடு பிரிந்து வரும். இந்த வெட்டு மர நுனியிலிருந்து ரேகையோடு கீழே இறங்குவதால் மெதுவாகப் போகும், தூள் மாவு மாதிரி வரும். இதற்கென்று 10 டிகிரி அளவில் பல் தீட்டிய ரிப்பிங் செயின் கிடைக்கிறது, அடிக்கடி செய்வதாக இருந்தால் வாங்கலாம்.

துண்டு நீளமாக இருந்தால் நிறுத்த முடியாது, படுக்கவைக்க வேண்டும். இரண்டு தடித்த கட்டைகளில் வி வடிவத்தில் வெட்டி, தரையில் ஒரு முழ இடைவெளியில் வைத்து, அதன் மேல் துண்டைக் கிடத்துங்கள். முண்டு பக்கவாட்டில் வரட்டும், மேலே வேண்டாம். ராட்செட் பெல்ட்டால் துண்டை அந்தக் கட்டைகளோடு சேர்த்துக் கட்டுங்கள், பெல்ட் வெட்டுக்கோட்டில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முண்டின் எடை ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் அதன் அடியிலும் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு முடியும் நேரத்தில் முண்டு கிழிந்து விழும், மீதித் துண்டு எதிர்ப்பக்கம் புரளும், நீங்கள் நடுவில் ஓடும் மிஷினோடு நிற்பீர்கள். இந்த நிலையில் அறுக்கும்போது தூள் வராமல் நீள நீளமாக இடியாப்பம் மாதிரி இழை வரும், அது பற்சக்கர மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மிஷினை முழுவதும் அணைத்துவிட்டு எடுங்கள், ஓடும்போது விரலை விடுவது வேண்டவே வேண்டாம்.

வெட்டு பாதிக்கு மேல் போனதும் பிளவு மூடிக்கொண்டு பாரைப் பிடிக்கப் பார்க்கும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பைப் பின்னால் செருகி லேசாகத் தட்டுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் தெறிக்கும். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அறுப்பது, இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லி அறுப்பது இரண்டையும் நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொருவர் கூட இருக்கத்தான் வேண்டும், ஆனால் எட்ட நிற்கட்டும், போன் கையில் இருக்கட்டும். அடிபட்டால் துணியை வைத்துக் காயத்தின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுவது அவர் வேலை.

எந்தத் திசையில் அறுத்தால் கண் கண்ணாகத் தெரியும்?

மொட்டுகள் அடிமரத்திலிருந்து வெளிப்பட்டை நோக்கி ஆணிகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த ஆணிகளைக் குறுக்கே வெட்டும் பலகையில், அதாவது வெளிப்பட்டைக்கு இணையாக அறுத்த பலகையில், வட்ட வட்டக் கண்கள் தெரியும். ஆணியின் நீளவாக்கில் அறுத்தால் கோடுகளாக, சுடர் மாதிரித் தெரியும். தட்டுக்கும் பெட்டி மூடிக்கும் முதல் முறை நல்லது. கிண்ணத்தில் சுவர் வளைந்து போவதால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

பேண்ட்சாவில் முண்டை வட்டமாக வெட்டலாமா?

வெட்டலாம், தட்டை முதுகு கீழே மேஜையில் முழுவதும் படிந்திருந்தால் மட்டும். காரணத்தைப் புரிந்துகொண்டால் மறக்காது. பேண்ட்சாவின் பிளேடு கீழ்நோக்கி இழுக்கிறது. உருண்டையான பொருள் மேஜையை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது, பிளேடு இழுக்கும் இடத்துக்கு நேர் கீழே தாங்கல் இல்லாததால் பொருள் உருண்டு பிளேடுக்குள் புகும். பிளேடு முறுக்கி அறுந்துபோகும், அல்லது பிடித்திருக்கும் கை அதோடு போகும். கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் மோட்டாரை எதிர்த்து நிற்காது.

முதுகு சரியாகத் தட்டையாக இல்லையென்றால் வாச்சியாலோ இழைப்புளியாலோ சமன் செய்துவிட்டு வாருங்கள். அது முடியாத கோணல் முண்டென்றால், தடித்த பிளைவுட் பலகை ஒன்றின் மேல் வைத்து, ஆடும் இடத்திலெல்லாம் சிறு ஆப்பு கொடுத்து, கீழிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கி, பலகையோடு சேர்த்துத் தள்ளி அறுங்கள். ஸ்க்ரூ வெட்டுப் பாதையில் வராமல் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் பட்டை மேடு பள்ளமாக இருப்பதால் காம்பஸ் ஓடாது, ஆகவே வேண்டிய அளவுக்கு ஒரு வட்ட அட்டையோ மெல்லிய பிளைவுட்டோ வெட்டி நடுவில் ஒரு ஆணியில் நிறுத்தி, அதன் ஓரத்தைப் பார்த்து வெட்டுவது நல்ல வழி. புடைத்த பக்கத்தை மேஜையில் வைத்து, தட்டைப் பக்கத்தில் அழகாக வட்டம் வரைந்து வெட்டலாமே என்று தோன்றும். கூடவே கூடாது, ஓரம் எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

பிளேடு அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல் இருந்தால் பச்சை மரத்துக்குச் சரியாக இருக்கும். பிளேடை நேராகப் பிடிக்கும் மேல் கைடை மரத்தின் உச்சிக்கு மிக அருகே இறக்கிவிடுங்கள். மரத்தூள் பிளேடில் ஒட்டி முனகல் சத்தம் வந்தால் தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

செயின்சா, பேண்ட்சா எதுவுமே இல்லை. மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுக்கலாமா?

வேண்டாம். மார்பிள் கட்டரிலோ ஆங்கிள் கிரைண்டரிலோ பல் வைத்த மர பிளேடு மாட்டுவதும், செயின் டிஸ்க் மாட்டுவதும் நம் பட்டறைகளில் சர்வ சாதாரணம். ஆனால் அந்த வேகத்தில் சுழலும் பல், ரேகை திசை மாறும் முண்டில் கவ்வினால் மிஷின் கையைவிட்டு எகிறும், பெரும்பாலும் உடம்பை நோக்கி.

கை ரம்பம் இருக்கிறதே! இருவர் இழுக்கும் நீள ரம்பத்தை ஒழுங்காகத் தீட்டி, துண்டைக் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டு நிதானமாக இழுத்தால் ஒரு நடுத்தர முண்டு ஒரு மதியத்தில் பிரிந்துவிடும். களைப்பாக இருக்கும், ஆனால் இதில் கைதவறினால் நிறுத்த முடிகிறது. இல்லையென்றால் அறுவை மில்லுக்குக் கொண்டுபோங்கள். ஆணிக்குப் பயந்து சிலர் மறுப்பார்கள், அது நியாயம்தான். டிடெக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டேன், பிளேடு கெட்டால் அதன் விலையை நான் தருகிறேன் என்று முதலிலேயே பேசிவிட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

தூசிக்கு முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாதா?

போதாது. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது, குறிப்பாக மூக்கும் அதைச் சுற்றிய அறைகளும் பாதிக்கப்படுகின்றன. கைக்குட்டை பெரிய துகளைத்தான் பிடிக்கும், கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். என்95 போதும், தாடி இருந்தால் விளிம்பில் காற்று புகும் என்பதை மறக்க வேண்டாம். முண்டில் அழுகலும் பூஞ்சையும் கலந்திருப்பது சகஜம் என்பதால் இன்னும் கவனம் தேவை. ஈட்டி வகை மரங்கள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும்.

லேத்தில் முதல் முறை மாட்டும்போது?

அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் நேர் ரேகையுள்ள, குறையில்லாத சின்னக் கட்டையை எடுத்துக்கொண்டு கடைகிறார்கள். முண்டு அப்படி இல்லை, ஒரு பக்கம் கனமாகவும் இன்னொரு பக்கம் பொந்தாகவும் இருக்கும். ஆகவே தட்டை முதுகில் ஃபேஸ்பிளேட்டை (லேத்தின் சுழலும் தண்டில் மாட்டும் ஓட்டை போட்ட இரும்புத் தட்டு) வைத்து, நல்ல மரத்துக்குள் ஒரு அங்குலமாவது இறங்கும் தடித்த மர ஸ்க்ரூக்களால் எல்லா ஓட்டையிலும் இறுக்குங்கள். ஜிப்சம் போர்டுக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், அது வளையாமல் ஒடிந்துபோகும். நடுவில் ஒற்றை ஸ்க்ரூவால் கட்டையைப் பிடிக்கும் சக்கும் முண்டுக்குச் சரிவராது. லேத்தின் மறுமுனையில் நகரும் தாங்கியான டெயில்ஸ்டாக்கை நெருக்கிக் கொண்டுவந்து முட்டுக் கொடுங்கள், முடிந்தவரை கடைசி வரை அது அங்கேயே இருக்கட்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: விட்டம் அங்குலத்தில், அதை ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வரவேண்டும். 12 அங்குல முண்டென்றால் 500 முதல் 750. இது சீரான கட்டைக்கு. முண்டை அதற்கும் கீழே, மிஷினின் ஆகக் குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, உருண்டை வந்து ஆட்டம் நின்ற பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஸ்விட்ச் போடும் முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், போடும்போது கட்டை பறந்து வரக்கூடிய நேர்க்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள். வெறும் கண்ணாடி போதாது, முகம் முழுவதும் மூடும் ஃபேஸ் ஷீல்டு வேண்டும்.

உள்ளே விரிசலும் தளர்ந்த பட்டையும் தெரிகிறது, கடையலாமா?

விரலால் அழுத்தி, உளிப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. ஆடும் பட்டையை எடுத்துவிடுங்கள், அல்லது மரம் காய்ந்திருந்தால் சூப்பர் க்ளூ ஊற்றி ஒட்டவையுங்கள். சின்னப் பொந்துகளை எபாக்சி ஊற்றி நிரப்பலாம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும் விரிசல் இருந்தால் அந்தத் துண்டைக் கிண்ணமாக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த விரிசலோடு பிளந்து சின்னச் சின்னத் துண்டுகளாக்கினால் பேனா, கத்திப்பிடி, பம்பரம் எல்லாம் வரும். அழகான ரேகையாயிற்றே என்று மனம் கேட்காது, எனக்கும் தெரியும். பசையை நம்பி அதைச் சுழலவிடாதீர்கள்.

அறுத்தவுடன் கடையலாமா, காயவைக்க வேண்டுமா?

இரண்டும் உண்டு. பச்சையாகவே கடையலாம், உளிக்கு மெத்தென்று போகும், ஆனால் காயும்போது கோணும். முண்டில் ரேகை எல்லாத் திசையிலும் ஓடுவதால் நேர்மரத்தைவிட வெடிப்பு குறைவு, மேற்பரப்பு மட்டும் அலை அலையாக நெளியும், அதுவே பிடித்துப்போய் அப்படியே விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். வட்டமாகவே வேண்டும் என்றால் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக, 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலமாக, தடிமனாகக் கடைந்து வைத்துவிட்டுக் காய்ந்த பிறகு மறுபடி கடைய வேண்டும்.

கடைய நேரமில்லை, துண்டாகவே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் உருக்கிய மெழுகை அறுத்த முகங்கள் எல்லாவற்றிலும் பூசுங்கள். நேர்மரத்துக்கு நுனி இரண்டும் போதும், முண்டில் எந்த முகத்திலும் நுனி ரேகை வெளியே வந்திருக்கும். மெழுகை நேரடி நெருப்பில் உருக்காமல் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் அடுக்குங்கள். ஓரத்து வெள்ளை மரத்தில் பொடி பொடியாக மாவு கொட்டினால் உளுப்பூச்சி ஏறிவிட்டது, அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தேதியையும் எடையையும் எழுதிவிட்டு மாதம் ஒருமுறை தராசில் வையுங்கள், எடை குறைவது நின்றுவிட்டால் கடைசிக் கடைசலுக்கு எடுக்கலாம்.